பேரீச்சையும் பொறியும்

பனையில் ஆண் என்றும் பெண் என்றும் இருவகை உண்டு. நுங்கும் பழமும் தருவது பெண்பனை. அதனைப் பருவப்பனை என்பர். காய் ஒன்றும் ஈனாது, விரல்போல நீண்ட கதிர்களை மட்டும் தாங்கி நிற்பது ஆண்பனை. அதற்கு அலகுப்பனை என்பது பெயர். திருவோத்தூரில் சிவனடியார் ஒருவர் வைத்து வளர்த்த பனைகள் ஆண்பனைகளாகவே அமைந்துவிட, பிற சமயத்தார் அவரை எள்ளினர் என்றும், அவர் திருஞானசம்பந்தரிடம் முறையிட, சம்பந்தர் பதிகம் பாடிய அளவில் அவ்வாண்பனைகள் குலை ஈன்றன என்றும் பெரியபுராணம் கூறும். ஆண்பனை காய்ப்பது அற்புதம் எனக் கருதப்பட்டதிலிருந்தே, அது காய்க்காத மரம் என்பதை நம் முன்னோர் எத்துணைத் தெளிவாக அறிந்திருந்தனர் என்பது விளங்கும்.

தென்னை, பனை, கமுகு, ஈச்சை ஆகிய யாவும் ஒரு குடும்பத்து மரங்கள். நம் காடுகளிலும் ஓடைக்கரைகளிலும் தானே முளைத்து வளரும் ஈச்சமரத்திற்கு ‘ஈந்து’ என்பது பழம்பெயர். எயினர் தம் குடிசைகளை ஈந்தின் இலையால் வேய்ந்திருந்தனர் எனப் பெரும்பாணாற்றுப்படை கூறுகின்றது. அவ்வீந்தின் கனி சிறியது; சதைப்பற்றுக் குறைந்தது. அதனினும் பெரியதும் இனியதுமாகிய கனியைத் தரும் அயல்நாட்டு இனமே பேரீந்து அல்லது பேரீச்சை எனப் பெயர் பெற்றது. பாலை நிலங்களில் நீரூற்றுக்களை அடுத்து அது செழித்து வளரும். தன் காலை நீரிலும் தலையை நெருப்பிலும் வைத்திருக்கும் மரம் என்று அராபியர் அதனைக் கூறுவர். எகிப்து, சவூதி அரேபியா, ஈரான், அல்ஜீரியா, ஈராக், ஓமான் முதலிய நாடுகள் பேரீச்சை விளைவில் சிறந்தவை. உலகில் ஆண்டுதோறும் 90 இலட்சம் டன்னுக்கு மேல் இக்கனி விளைகின்றது. இந்தியாவில் குசராத்தின் கச்சுப் பகுதியே இதற்குப் பெயர் பெற்றது. தமிழ்நாட்டில் தருமபுரி மாவட்டத்திலும் இக்காலத்தில் பேரீச்சைத் தோப்புகள் உள்ளன.

பனையைப் போலவே பேரீச்சையிலும் ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு. ஆண்மரத்தின் பூவிலுள்ள மகரந்தம் பெண்மரத்தின் பூவைச் சென்று சேர்ந்தாலன்றிக் கனி உண்டாகாது. இதுவரை இரு மரங்களும் ஒத்தனவே. இதற்கு மேல்தான் வேறுபாடு தோன்றுகின்றது. பனைக்கு மகரந்தம் ஊட்ட எவரும் மரம் ஏறுவதில்லை. காற்றும் வண்டினமும் அவ்வேலையைச் செய்துவிடுகின்றன. பேரீச்சைக்கோ அதனை மனிதன் செய்ய வேண்டியிருக்கின்றது.

காட்டில் தானே வளரும் பேரீச்சைக் கூட்டத்தில் ஆண்மரமும் பெண்மரமும் ஏறத்தாழச் சம எண்ணிக்கையில் இருக்கும். விதையிலிருந்து முளைப்பனவற்றில் பாதி ஆண், பாதி பெண் என்பது இயற்கையின் கணக்கு. அங்கே காற்று ஒன்றே போதும். ஆயினும் தோப்பு வைப்பவன் இக்கணக்கை ஏற்க இயலுமா? ஓர் ஏக்கரில் 50 மரங்களுக்கு மேல் நிற்க இடம் இராது. அவற்றுள் 25 மரம் காயாத மரமாக நின்று நீரையும் எருவையும் உண்ணுமாயின் உழவன் பிழைப்பது எங்ஙனம்? அன்றியும், விதையால் வளர்ந்த கன்று ஆணா பெண்ணா என்பது அது பூக்கும் வரை கண்ணுக்குப் புலப்படாது. அதற்கு நான்கைந்து ஆண்டுகளேனும் காத்திருக்க வேண்டும். ஆதலின் பண்டை நாள் தொட்டே மேற்காசிய உழவர், நற்கனி தரும் பெண்மரத்தின் அடியில் தோன்றும் பக்கக்கன்றுகளைப் பெயர்த்து நட்டு வந்தனர். தாய் எவ்வாறோ அவ்வாறே பக்கக்கன்றும் அமையும். இவ்வகையில் தோப்பு முழுவதையும் பெண்மரங்களாகவே ஆக்கிக் கொண்டு, 50 மரத்திற்கு ஒன்று என்னும் அளவில் மட்டும் ஆண்மரத்தை வைத்துக் கொண்டனர். அவ்வாண்மரத்தை அராபியர் ‘ஃபஹ்ல்’ என்பர். பொலிகுதிரைக்கும் பொலிகாளைக்கும் அச்சொல்லே வழங்குகின்றது.

இயற்கையின் கணக்கை மாற்றிய பின் இயற்கையின் வேலையையும் தானே ஏற்க வேண்டியதாயிற்று. ஒற்றை ஆண்மரத்தின் மகரந்தத்தைக் காற்று ஐம்பது மரங்களுக்கும் பிழையின்றிக் கொண்டு சேர்க்கும் என்று நம்பியிருக்க முடியாது.

மாசித் திங்களை ஒட்டிப் பேரீச்சை பாளை விடத் தொடங்கும். ஆண்பாளை குட்டையானது, அகன்றது. பெண்பாளை நீண்டது, ஒடுங்கியது. ஆண்பாளை வெடித்தவுடன் உள்ளே மெழுகு போன்ற வெண்ணிறப் பூக்கள் கதிர்கதிராய்த் தோன்றும். விரலால் தட்டினால் மாப்போன்ற பொடி புகையாய் எழும். பெண்பூ மஞ்சள் கலந்த பச்சை நிறத்தது, சிறுமணி போன்றது. ஒவ்வொரு பெண்பூவிலும் மூன்று சூலகங்கள் உள்ளன. மகரந்தம் சேர்ந்து கருவுற்றால் அவற்றுள் ஒன்று மட்டும் வளர்ந்து கனியாக, ஏனைய இரண்டும் உதிர்ந்துவிடும். மகரந்தம் சேராவிடில் மூன்றும் ஒருங்கே வளரும். பார்ப்பவர்க்கு மும்மடங்கு விளைவு போலத் தோன்றும். ஆயின் அவை கொட்டையற்றனவாய், சிறுத்து, உரிய காலத்தில் பழுக்காமல், மாட்டுக்கும் ஆட்டுக்கும் இடத் தக்கனவாய் முடியும். குலையில் மும்மூன்றாய்க் காய் நெருங்கியிருக்கக் கண்டால் தோப்புக்காரன் மகிழ்வதில்லை. அது வேலை தவறியதற்கு மரம் காட்டும் அடையாளம்.

வெடித்த பெண்பாளை மகரந்தத்தை ஏற்கும் தகுதியோடு பல நாள் காத்திராது. பெரும்பாலான இனங்களுக்கு மூன்று நான்கு நாள். சிலவற்றிற்கு ஒரு வாரம், அல்லது அதற்குச் சற்று மேல். ஒரு மரத்தில் பத்துப் பன்னிரண்டு பாளைகள் தோன்றும். அவை யாவும் ஒரே நாளில் வெடிப்பதுமில்லை. மூன்று நான்கு வாரங்களில் ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்கும். ஆகவே ஒரு மரத்தில் ஒரு பருவத்திற்குக் குறைந்தது மூன்று முறையேனும் ஏற வேண்டும். ஏக்கருக்கு ஐம்பது மரமாயின் நூற்றைம்பது ஏற்றம். கொய்வதற்கும் குலையைத் தாங்கிக் கட்டுவதற்கும் காயைக் கழிப்பதற்கும் ஏறுவன இக்கணக்கில் சேரா.

நம் நாட்டுப் பனைத்தொழிலாளர் காலில் தளைநார் இட்டு ஏறுவது போல, அந்நாட்டவர் இடுப்பையும் மரத்தையும் வளைத்துப் பிணைக்கும் வடம் ஒன்றைப் பயன்படுத்துவர். ஈராக்கில் அதனைத் ‘தபலியா’ என்றும், ஐக்கிய அரபு நாடுகளில் ‘ஹாபூல்’ என்றும் வழங்குவர். முதுகிற்கு அணையாகப் பின்னப்பட்ட அகன்ற பட்டையில் உடலைச் சாய்த்து, வடத்தை மேலே எறிந்து எறிந்து, வெட்டிய மட்டைகளின் அடியில் கால்வைத்து ஏறுவர். மரம் அறுபது எழுபது அடி உயரமும் வளரக் கூடியது. உச்சியை அடைந்தால் அங்கே வேறோர் இடர் உண்டு. மட்டையின் அடிப்புறத்தில் உள்ள இலைகள் ஊசிபோன்ற நீண்ட முட்களாய் மாறியிருக்கும். தைத்தால் புண் எளிதில் ஆறாது. ஆதலால் பருவம் தொடங்குமுன் ஒருமுறை ஏறி முட்களை எல்லாம் அரிந்து கழிப்பர். பின்னர்ப் பாளை வெடித்ததும், ஆண்பூங்கதிரில் இரண்டு மூன்றை எடுத்துப் பெண்குலையின் நடுவே தலைகீழாகச் செருகி, ஓலைக்கீற்றால் மெல்லக் கட்டிவிட்டு இறங்குவர். குலை பருக்கும்போது அக்கட்டுத் தானே நெகிழும்.

இத்தொழிலின் பழமை வியத்தற்குரியது. பாபிலோனை ஆண்ட அம்முராபி என்னும் மன்னன் கி.மு. 18-ஆம் நூற்றாண்டில் தன் சட்டங்களைக் கருங்கல்லில் பொறித்து வைத்தான். ஏழடிக்கு மேல் உயரமுடைய அக்கல், ஈரானில் பண்டைச் சூசா நகரம் இருந்த இடத்தில் 1901-02 ஆம் ஆண்டுகளில் அகழ்ந்தெடுக்கப்பட்டது. இப்பொழுது பாரிசு நகரத்து லூவர் காட்சிச் சாலையில் உள்ளது. அதில் உள்ள இரு விதிகள் பேரீச்சைத் தோப்பைப் பற்றியவை. மகரந்தம் ஊட்டுவதற்காகத் தோப்பைத் தோட்டக்காரனிடம் ஒப்படைத்தால், அவன் விளைவில் மூன்றில் இரண்டு பங்கை உரியவனுக்கு அளந்து, ஒரு பங்கைத் தான் கொள்ள வேண்டும் என்பது ஒன்று. மகரந்தம் ஊட்டாமல் விட்டு விளைவைக் குறைத்தானாயின், அண்டைத் தோப்பில் விளைந்த அளவை நோக்கி, அதற்கு ஈடாக அளந்து தர வேண்டும் என்பது மற்றொன்று. மரம் பொய்த்தது, காற்று அடிக்கவில்லை என்று சாக்குச் சொல்ல அச்சட்டத்தில் இடமில்லை. விளைவு குறைந்ததற்குக் காரணம் கை தவறியதே என்று அன்றே துணிந்திருந்தனர்.

அதற்குப் பின் கி.மு. 9-ஆம் நூற்றாண்டில் அசீரிய மன்னர் தம் அரண்மனைச் சுவர்களில் செதுக்குவித்த சிற்பங்களில், இறகுடைய தெய்வ உருவங்கள் ஒரு கையில் வாளியும் மறு கையில் கூம்பு வடிவப் பொருளும் ஏந்தி மரத்தின் அருகே நிற்கக் காணலாம். அது பேரீச்சைக்கு மகரந்தம் ஊட்டும் காட்சியே என்று 1890-இல் டைலர் என்னும் ஆங்கில அறிஞர் கருதினார். வேறு சிலர் அது தூய்மைச் சடங்கு என்பர். கூம்பு ஆண்பாளையோ அன்றோ, அம்மரம் அரசர்க்கும் வழிபாட்டிற்குரியதாய் இருந்தது என்பதில் ஐயமில்லை.

செய்யும் முறை தெரிந்திருந்ததே அன்றி, அதன் காரணம் நெடுங்காலம் தெரியவில்லை. கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க வரலாற்றாசிரியர் எரோடோட்டசு, ஆண்மரத்திலிருந்து வரும் சிறு பூச்சி பெண்மரத்துக் காயினுள் புகுந்து அதனைப் பழுக்கச் செய்கின்றது என எழுதினார். அத்திக்கு உரியதைப் பேரீச்சைக்கும் உரியதாக அவர் மயங்கிவிட்டார். அவருக்கு ஒரு நூற்றாண்டிற்குப் பின் வந்த தியோபிராசுடசு, ஆண்பூவின் பொடியைப் பெண்மரத்துக் காய்களின் மேல் உதறுவதே அம்முறை எனச் சரியாகக் குறித்தார். எனினும் தாவரங்களிலும் ஆண்மை பெண்மை உண்டு என்பதைச் சோதனைகளால் நிறுவியவர் செருமனி நாட்டுக் காமராரியசு என்பவர். அவர் தம் முடிவுகளை வெளியிட்டது 1694-இல். அதாவது, பாபிலோனியத் தோட்டக்காரன் செய்த வேலைக்கு உரிய விளக்கத்தை உலகம் பெறுவதற்கு மூவாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயின. அதுவரை வேலை நிற்கவுமில்லை.

இருபதாம் நூற்றாண்டில் இத்தொழில் அமெரிக்காவை அடைந்தது. கலிபோர்னியாவில் கோச்செல்லாப் பள்ளத்தாக்கு என்னும் வெப்பமான மணற்பகுதி உள்ளது. அந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அல்ஜீரியா, ஈராக்கு முதலிய நாடுகளிலிருந்து பக்கக்கன்றுகளை வருவித்து அங்கே நட்டனர். இந்தியோ என்னும் ஊரில் அரசினர் அமைத்த ஆராய்ச்சித் தோட்டத்தில் நிக்சன் என்பவர் 1920-களில் ஒரு புதுமையைக் கண்டறிந்தார். கனியின் சதை தாய்மரத்தின் உடலே; தந்தையின் இயல்பு விதைக்குள் இருக்குமே அன்றிச் சதையில் தோன்றாது என்பது பொதுவான கருத்து. நிக்சனோ, எந்த ஆண்மரத்தின் மகரந்தம் ஊட்டப்பட்டதோ அதற்கேற்பக் கனியின் பருமனும் பழுக்கும் காலமும் மாறுவதைக் காட்டினார். சுவிங்கிள் என்னும் அறிஞர் 1928-இல் இதற்கெனத் தனிப் பெயர் ஒன்றை அமைத்தார். இதன் பயன் பெரிது. மழைக்கு முன்னரே பழுக்க வேண்டுமாயின் அதற்கேற்ற ஆண்மரத்தைத் தேர்ந்து கொள்ளலாம். கண்டது கண்டவாறு ஆண்பாளையை அறுத்து வந்தவர்கள், அன்று முதல் ஆண்மரத்திற்கும் குலம் பார்க்கத் தொடங்கினர்.

கோச்செல்லாவில் மரம் ஏறி வேலை செய்தவர் பெரும்பாலும் மெக்சிக்கோ நாட்டிலிருந்து வந்த தொழிலாளர். அவர்களை ‘பால்மேரோ’ என அழைப்பர். தபலியாவிற்கு மாறாக ஏணியைக் கொண்டு ஏறினர். உயர்ந்த மரங்களின் மேற்பகுதியில் ஏணியை நிலையாகவே பிணைத்து வைத்தனர். ஏணியாயினும் உயரம் உயரமே. இந்நிலையில், மெக்சிக்கோத் தொழிலாளரை ஒப்பந்தத்தின்பேரில் வருவித்து வந்த அரசுத் திட்டம் 1964-ஆம் ஆண்டின் இறுதியோடு நிறுத்தப்பட்டது. ஆள் கிடைப்பது அரிதாயிற்று, கூலி உயர்ந்தது. பாளையோ ஆளுக்காகக் காத்திராது. மரத்தில் ஏறாமலே மகரந்தம் ஊட்ட வழி உண்டா என்னும் கேள்வி அப்போது எழுந்தது. 1970-களின் முற்பகுதியில் கலிபோர்னிய வேளாண் பொறியாளர்கள் இதற்கான பொறிகளைச் செய்து பார்த்தனர். எண்ணெய் வளத்தால் இளைஞர் நகரங்களை நாடிச் சென்றமையால், அராபிய நாடுகளிலும் சில ஆண்டுகளில் இதே குறை தலைதூக்கிற்று. அங்குள்ள தோப்புகள் பலவற்றில் இன்று மரம் ஏறுவோர் வங்காளதேசம், பாகித்தான், இந்தியா ஆகிய நாடுகளிலிருந்து சென்றவரே.

பொறியால் மகரந்தம் ஊட்டுவதில் இரண்டு பகுதிகள் உண்டு. முதலாவது, மகரந்தத்தைப் பூவினின்றும் பிரித்தெடுத்தல். கையால் செய்யும் முறையில் கதிரையே கொண்டுபோய்ச் செருகிவிடலாம். பொறிக்குத் தனிப்பொடி வேண்டும். வெடிக்கும் தறுவாயிலுள்ள ஆண்பாளைகளை அறுத்து வந்து, காற்றோட்டமுள்ள உலர்ந்த அறையில் தொங்கவிட்டு வாட்டுவர். வெயில் படலாகாது; மிகுந்த வெப்பம் மகரந்தத்தின் உயிரை மாய்க்கும். ஈரமும் ஆகாது, பூஞ்சணம் பற்றும். வாடிய கதிர்களைச் சுழலும் உருளையில் இட்டு உலுக்குவர். உதிரும் பொடியைக் காற்று உறிஞ்சிச் சென்று, புனல் போன்ற கலத்தில் சுழற்றி அடியில் படியச் செய்யும். அப்பொடியை நன்கு உலர்த்தி, காற்றுப் புகாத குப்பியில் அடைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் அடுத்த பருவம் வரை கெடாது. இது சிறு நன்மை அன்று. சில பெண்மரங்கள் ஆண்மரம் பூப்பதற்கு முன்னரே பாளை விட்டுவிடும். முற்காலத்தில் அம்முதற்பாளைகள் பெரும்பாலும் வீணாயின. இப்போது சென்ற ஆண்டின் மகரந்தம் அவற்றிற்குக் கைகொடுக்கின்றது.

இரண்டாவது பகுதி பொடியை மரத்தின் தலைக்கு ஏற்றுதல். தூய மகரந்தம் விலை மிக்கது; மிக நுண்ணியது; தனியே தூவினால் அளவு நில்லாது. ஆதலின் அதனோடு கோதுமை மாவையோ வெண்கற்பொடியையோ கலப்பர். ஒரு பங்கு மகரந்தத்திற்கு ஐந்து பங்கு முதல் ஒன்பது பங்கு வரை கலப்பது உண்டு. எளிய கருவி, நீண்ட உலோகக் குழாயின் அடியில் துருத்தியும் பொடிக்கலமும் அமைந்தது. தரையில் நின்றபடியே குழாயின் நுனியைப் பாளைக்கு நேரே நீட்டித் துருத்தியை அழுத்தினால் பொடி மேலே சென்று படரும். நடுத்தர உயரமுள்ள மரங்களுக்கு இது போதும். பெருந்தோப்புகளில் டிராக்டரின் மேல் காற்றழுத்தப் பொறியை ஏற்றி, அதனினும் நீண்ட குழாயால் ஊதிச் செல்வர். மிக உயர்ந்த மரங்களுக்கு, மனிதனையே மேலே உயர்த்தும் தூக்குமேடைகளும் உண்டு. ஒருவர் ஏறி இறங்கும் நேரத்தில் பொறி பல மரங்களைக் கடந்துவிடும். கால் வழுக்கி வீழ்வார் என்னும் அச்சமும் இல்லை. விழுந்து முடமான ஒருவரையேனும் அறியாத தோப்பூர் அரிது என்பதால், இப்பயனையே முதலாவதாக எண்ணுதல் தகும்.

இனி, பொறியின் குறையையும் கூறுதல் வேண்டும். கையால் செருகிய கதிர் குலையின் நடுவிலேயே தங்கி, காற்று அசைக்குந்தோறும் சிறிது சிறிதாகப் பொடியை உதிர்க்கும். இன்று மலர்ந்த பூவிற்கும் நாளை மலரும் பூவிற்கும் அது பயன்படும். பொறி ஊதிய பொடியோ ஒரு கணத்தில் வந்து செல்வது. அப்போது மலர்ந்திருந்த பூவே அதனைப் பெறும். ஆகவே பொறியைக் கொண்டு ஒரு மரத்திற்குப் பருவத்தில் பலமுறை ஊதவேண்டியுள்ளது. மகரந்தமும் மிகுதியாகச் செலவாகும். பெரும்பகுதி மட்டையிலும் மண்ணிலும் படிந்து வீணாகும். இவ்வளவு செய்தும் காய்ப்பிடிப்பு, கையால் ஊட்டியதைவிடச் சற்றுக் குறையலாம். ஆயினும் இக்குறை தோன்றும் அளவிற்குக் கொடியதன்று. கையால் ஊட்டிய குலையில் காய் அளவுக்கு மீறிப் பிடித்துவிடுவதுண்டு. அவ்வாறே விட்டால் கனி சிறுக்கும், மறு ஆண்டு மரம் ஓய்ந்துவிடும் என்பதால் உழவரே மீண்டும் ஏறி ஒரு பகுதியைக் கழிப்பர். கழித்தெறிய வேண்டிய காய் முன்னரே குறைந்தால் இழப்பு யாது?

பொறி செய்ய மாட்டாத வேலை வேறொன்று. எந்தப் பாளை இன்று வெடிக்கும், எது நாளைக்கு, எது மூன்று நாள் கழித்து என்பதைக் கீழிருந்தே கண்டு சொல்பவர் பழகிய தொழிலாளர். பாளையின் மேல்தோல் நிறம் மாறுவதும், அதன் நடுவில் கீறல் தோன்றுவதும் அவர் கண்ணுக்குத் தப்பா. இந்த இனம் பொறுக்கும், அந்த இனம் பொறுக்காது என்பதும் அவருக்குத் தெரியும். குளிர் மிகுந்த நாளில் பொடி தூவினால் காய் நன்கு பிடிக்காது என்பதையும், தூவியவுடன் மழை பெய்துவிட்டால் மறுமுறை தூவ வேண்டும் என்பதையும் அவர் அறிவார். கோச்செல்லாவில் பருவத்தின் முற்பகுதியில் குளிருக்கு அஞ்சி, மகரந்தம் ஊட்டிய குலைக்குக் காகித உறை இட்டு மூடுவதும் உண்டு. பொறி இவற்றுள் ஒன்றையும் அறியாது. பொறியை வாங்கிவிட்டோம் என்று பழகிய ஆளை அனுப்பிவிட்டவர், குலைகளில் மும்மூன்றாய்த் திரண்ட பதர்க்காய்களைக் காண நேரும். பொறி வந்ததனால் ஆளின் உடல் உழைப்புக் குறைந்ததே அன்றி, அறிவின் தேவை குறையவில்லை. அந்த அறிவோ ஏட்டில் இல்லை. தந்தை ஏற மகன் கீழிருந்து நோக்கிக் கற்றது. ஏறுவோர் குறையக் குறைய அதுவும் குறைந்து வருகின்றது. 2019-இல் பதினான்கு நாடுகள் ஒன்றுகூடி வேண்டியதன்மேல், பேரீச்சை பற்றிய அறிவையும் தொழில்திறனையும் வழக்கங்களையும் மனித இனத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாக ஐக்கிய நாடுகள் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனம் பட்டியலில் சேர்த்தது. 2022-இல் கத்தார் நாடும் அதில் இணைந்தது. பட்டியலில் எழுதிவைத்த அளவிலேயே ஒரு தொழில் நிலைபெறுமா என்பது வேறு கேள்வி.

அண்மை ஆண்டுகளில் ஓமானிலும் ஐக்கிய அரபு நாடுகளிலும் ‘ட்ரோன்’ எனப்படும் ஆளில்லாச் சிறு வானூர்திகளைக் கொண்டும் மகரந்தம் ஊட்டி வருகின்றனர். ஓமானின் மலைச்சரிவுகளில் படிப்படியாக அமைந்த தோப்புகளுக்கு டிராக்டர் செல்ல வழியில்லை. வானூர்திக்கு வழி வேண்டுவதில்லை. கீழே ஒருவர் நின்று இயக்க, அது மரத்தின் தலைக்கு மேல் வந்து நின்று, பாளையை நோக்கிப் பொடியைப் பொழிந்து, அடுத்த மரத்திற்குச் செல்கின்றது. தோப்பின் சிறுவர் அதனை அண்ணாந்து நோக்கி ஆரவாரிப்பர். அதன் கலத்தில் நிரப்பிய பொடி மட்டும் தோப்பின் ஓரத்தில் நிற்கும் ஆண்மரத்திலிருந்து வந்தது. அப்பாளை வெடிக்கும் வேளையைப் பார்த்திருந்து, விடியற்காலையில் இடுப்பில் வடம் பூட்டி மேலேறிய ஒருவர் அதனை அரிவாளால் அறுத்து இறக்கியிருந்தார்.